நனையாமல் வேலை செய்த பிள்ளைகள்

பஸ் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தேயிலைக்கு நடுவே படி ஏறிப் போக வேண்டும். மண்ணை வெட்டிக் கல் பதித்த படிகள். மழைக்காலத்தில் பாசி பிடித்துக் கிடக்கும். என் மகன் சின்ன வயதில் அதில் ஓடித்தான் ஏறுவான். நடந்து ஏறி நான் பார்த்ததில்லை. இப்போது அவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, பாதி தூரத்திலேயே நின்றுவிடுகிறான். தேயிலைச் செடிமேல் கையை ஊன்றி, கொழுந்து பார்ப்பவன் போலக் குனிந்துகொண்டு மூச்சு வாங்குகிறான். யாராவது இறங்கி வந்தால் சிரித்துப் பேசுகிறான், ஆனால் சொற்களைச் சின்னச் சின்னதாக முறித்துப் பேசுகிறான்.

நான் அவன் பின்னால் வருவேன். அவன் நிற்பதற்குக் கொஞ்சம் முந்தியே, "கால் வலிக்குது தம்பி, செத்த நில்லு" என்று சொல்லிப் படியில் உட்கார்ந்துவிடுவேன். என் காலுக்கு ஒன்றுமில்லை. அது அவனுக்கும் தெரியும். ஆனாலும், "மெதுவா வாங்கம்மா, என்னா அவசரம்" என்று எனக்கு ஆறுதல் சொல்லுவான். இப்படி ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டுதான் இரண்டு பேரும் வீடு போய்ச் சேர்கிறோம்.

நான் தோட்டப் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். கணவர் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து காயவைக்கும் மெஷினில் வேலை. எங்கள் வீடு இருப்பது ஹட்டனுக்குக் கிட்ட, றொசல்லப் பக்கம். இந்தப் பகுதியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நான் சொல்லப்போவது விளங்காது. இங்கே மழை ஒரு பருவத்தோடு முடிவதில்லை. துணி வெயிலில் காய்வதைவிட அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் காய்வதுதான் அதிகம். அதனால் எல்லார் சட்டையிலும் புகை மணக்கும். என் வகுப்புக்குள் கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தாலும் விறகுப் புகை வாசத்தில் பிள்ளைகள் வந்திருப்பது தெரியும். இங்கே பிள்ளை வளர்ப்பது என்றால் பாதி வேலை அதை ஈரத்திலிருந்து காப்பாற்றுவதுதான். தலை நனைந்தால் சளி, சளி நெஞ்சில் இறங்கினால் இழுப்பு, இழுப்பு முற்றினால் ஆஸ்பத்திரி. மழைக்கும் குளிருக்கும் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளை எங்கள் அம்மாக்கள் பார்த்திருக்கிறார்கள். ஆகவே தவழும் பிள்ளைக்குக்கூடக் காதை மூடிக் கம்பளித் தொப்பி உண்டு. "நனையாத" என்பது எங்கள் வீடுகளில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லப்படும் என்று யாரும் எண்ணியதில்லை.

மகன் உயர்தரப் பரீட்சை எழுதினான். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. ஹட்டனில் ஒரு கடையில் கொஞ்ச நாள் நின்றான், கொழும்பில் கொஞ்ச நாள் இருந்தான். அப்புறம் அவனோடு படித்த ஒருவன், எங்கள் தோட்டத்து மேல் டிவிசன் பையன், ஒரு வேலை இருப்பதாகச் சொன்னான். வேறு மாகாணத்தில் ஆற்றுத் தண்ணீரை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக மலைக்குள்ளேயே சுரங்கம் குடைந்துகொண்டிருந்தார்கள். வெளிநாட்டுக் கம்பனி, தங்குமிடம், சாப்பாடு, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் உண்டு. மலையகப் பிள்ளைகளைக் கேட்டு எடுக்கிறார்களாம், மலை ஏறி இறங்கிப் பழகியவர்கள் என்று. இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். கொஞ்ச நாளில் இவனைப் பாறையில் துளை போடும் மெஷினில் நிறுத்தினார்கள். துளை போட்டு, அதில் வெடி வைத்து, உடைந்த கல்லை அள்ளி, மறுபடி துளை. மெஷின் ஒப்பரேட்டர் என்று அட்டை கொடுத்தார்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அனுப்பிய படத்தை என் கணவர் ஃபெக்டரியில் எல்லாரிடமும் காட்டினார்.

அங்கே அவன் நாலு வருஷத்துக்கு மேல் இருந்தான். நான் பயந்ததெல்லாம் வெடிக்கும், மேலிருந்து விழும் கல்லுக்கும்தான். போனில் பேசும்போது அதைத்தான் கேட்பேன். "கல்லு விழாதும்மா, மேல சிமெண்டு அடிச்சிருவாங்க" என்பான். உள்ளே குளிரா என்று கேட்டால் குளிர்தான், பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும் என்பான். நான் தைலமும் கம்பளித் தொப்பியும் உள்ளே போடும் பனியனும் கட்டி அனுப்பினேன். தொப்பியை ஹெல்மெட்டுக்குள்ளே போட்டுக்கொள்வதாகச் சொன்னான். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

ஒவ்வொரு லீவிலும் வரும்போது கொஞ்சம் மெலிந்துதான் வந்தான். வேலை கடுமை என்று நினைத்தோம். இருமல் இருந்தது. எங்கள் வீட்டில் இருமல் ஒரு செய்தியே இல்லை. கணவர் முப்பது வருஷமாகத் தேயிலைத் தூளில் நின்று இருமிக்கொண்டிருக்கிறார். "என்னடா, எனக்குப் போட்டியா இருமுற?" என்று மகனைக் கேலி செய்வார். "உங்களுக்குச் சம்பளத்தோட இருமல், எனக்கு ஓவர்டைம் இருமல்" என்று அவன் திருப்பிக் கொடுப்பான். அப்பாவும் மகனும் மாறி மாறி இருமிவிட்டுச் சிரிப்பார்கள். நான் இஞ்சி தட்டிப் பிளேன் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

சுரங்கம் முடிந்து அவன் வீட்டுக்கு வந்த பிறகுதான் படியில் அவன் நிற்பதைப் பார்த்தேன். முதலில் போன் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டு நுரையீரலிலும் மேலே புள்ளி புள்ளியாக இருந்தது. சளியைச் சோதித்ததில் கிருமி தெரியவில்லை. ஆனாலும் மெலிவு, இருமல், மாலைக் காய்ச்சல் எல்லாம் சேர்த்துப் பார்த்து, காசநோயாக இருக்கும் என்று மருந்து தொடங்கினார்கள். என்ன தொழில் என்று கேட்டார்கள். மெஷின் ஒப்பரேட்டர் என்றான். உண்மைதானே. இந்தப் பக்கத்தில் ஒரு இளைஞன் மெலிந்து இருமினால் காசநோய் என்று நினைப்பதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நானே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்று அழுதேன். அவனுக்குத் தனித் தட்டு, தனிக் கோப்பை வைத்தேன். தேவையில்லை என்று கிளினிக்கில் சொன்ன பிறகும் வைத்தேன். அக்கம்பக்கத்துக்கு நிமோனியா என்று சொன்னோம். ஆனால் அந்த நோயில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஆறு மாதம் ஒழுங்காகக் குளிசை போட்டால் முடிந்துவிடும். அவன் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது, மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷமாகச் சொல்வான். காய்ச்சல் விட்டது. கொஞ்சம் சதை பிடித்தது. மூச்சு மட்டும் திரும்பி வரவில்லை. ஆறு மாதம் முடிந்தபோது படியில் அவன் முன்னைவிடக் கீழேயே நின்றான்.

அதற்குப் பிறகுதான் கண்டியில் நெஞ்சு நோய் பார்க்கும் ஒரு மருத்துவரிடம் அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்துக்கொண்டு நானும் அவனும் போனோம். மருத்துவர் சிங்களவர், வயதில் என் தம்பி மாதிரி இருந்தார். ஸ்கேனை நெடுநேரம் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்து, என்ன மெஷின் என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. மகன் சிங்களத்தில் விளக்கினான். சுரங்கத்தில் வேலை செய்து அவன் சிங்களம் என்னுடையதைவிட நன்றாக ஆகியிருந்தது. எந்தப் பாறை, எத்தனை மணி நேரம், வெடி வைத்த பிறகு எவ்வளவு நேரத்தில் உள்ளே போவீர்கள் என்றெல்லாம் கேட்டார். முகத்துக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டார். துணி மாஸ்க் என்றான். கடைசியாக, அந்த மெஷினில் தண்ணீர்க் குழாய் இல்லையா என்று கேட்டார். துளை போடும்போது கம்பிக்குள்ளால் தண்ணீர் போய்த் தூசியைச் சேறாக்கிவிடுமே, அப்படி ஒன்று இருக்க வேண்டுமே என்றார்.

இருந்தது என்றான் மகன். நாங்கள் மூடிவிடுவோம் என்றான்.

மருத்துவர் தனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். இன்னொரு தரம் கேட்டார். ஏன் மூடினீர்கள் என்று கேட்டார். மகன் ஏதோ சொல்லத் தொடங்கி, இருமல் வந்து நிறுத்தி, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான்.

"மேல பாத்துத் துளை போட்டா தண்ணி பூரா நெஞ்சுலதான்மா ஊத்தும். அதோட நின்னா சளி பிடிக்கும்ல. நெஞ்சுக்கு ஆகாதுன்னுதான் மூடினோம்."

மருத்துவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான்தான் சிங்களத்தில் சொல்ல வேண்டியிருந்தது. நனைந்தால் நெஞ்சு நோய் வரும் என்று பயந்து தண்ணீரை மூடினார்கள் என்று சொன்னேன். வகுப்பில் வாசித்துக் காட்டுகிற குரலில்தான் சொன்னேன், தெளிவாக, பிழையில்லாமல். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். ஒரு தாளில் நுரையீரல் படம் கீறி விளக்கினார். சிலிக்கோசிஸ் என்று பேர் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத கல் தூசி உள்ளே போய்த் தங்கிவிட்டது. உடம்பு அதைச் சுற்றித் தழும்பு கட்டுகிறது. தழும்பான இடத்தில் காற்று ஏறாது. அந்தத் தூசியை வெளியே எடுக்க மருந்து இல்லை. தூசியை விட்டு வந்த பிறகும் அது நிற்காமல் கூடலாம், மெதுவாகக் கூடினால் நல்லது. இந்த நெஞ்சுக்கு நிஜமான காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம், ஆகவே அதையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். இனித் தூசி கூடாது, புகை கூடாது, சளிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே ஊசி போட வேண்டும், மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும். இழுப்புக்கு ஒரு பம்ப் எழுதிக் கொடுத்தார்.  காசநோய் இல்லையா டொக்டர் என்று கேட்டேன். இப்போதைக்கு இல்லை என்றார். காசநோய் என்று சொன்ன அன்று அழுதவள் நான். இல்லை என்று சொன்ன அன்று, அதுவாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் மகன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான்.  கினிகத்தேனை தாண்டியதும் அவனாகவே சொல்லத் தொடங்கினான். எனக்காகச் சொன்னானா, தனக்காகவா தெரியாது. உள்ளே காற்றுக் குழாயிலிருந்து குளிர்காற்று அடித்துக்கொண்டே இருக்குமாம். நனைந்த சட்டையோடு அதில் நின்றால் பல் கிட்டிப்போகுமாம். போன புதிதில் மலையகப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ரெயின்கோட் கொடுத்தார்கள், கிழிந்ததற்குப் பதிலாக வேறு வரவில்லை. அதற்குப் பிறகுதான் தண்ணீர்க் குழாய்த் திருகை மூடிவிட்டு வேலை செய்யப் பழகினார்கள். வெள்ளையாகத் தூசி பறக்கும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, ஆனால் உடம்பு காய்ந்திருக்கும். மேற்பார்வைக்கு வருகிற ஆள் பார்த்தால் கத்துவார். அவருக்கு இவர்கள் வைத்த பேர் கங்காணி. வாசலில் அவர் லைட் தெரிந்ததும் ஒருத்தன், "கங்காணி வர்றாருடோய், தண்ணியத் தெற" என்று குரல் கொடுப்பான். எல்லாரும் திறப்பார்கள். அவர் போனதும் மூடுவார்கள்.

"பெரட்டுல நிக்கிற மாதிரிதான்மா. கங்காணி இருக்கிற வரைக்கும் நல்ல பிள்ளை" என்று சொல்லிச் சிரித்தான்.

நானும் சிரித்தேன். என் அப்பாவும் அம்மாவும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றவர்கள். கங்காணியை ஏமாற்றிய கதை எங்கள் எல்லார் வீட்டிலும் உண்டு, எல்லாரும் அதைப் பெருமையாகத்தான் சொல்வோம். பஸ் வளைவுகளில் திரும்பிக்கொண்டிருந்தது. அவன் சிரித்து முடிக்காமல் இருமத் தொடங்கினான். முன்சீட்டில் இருந்த பெண் தன் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடினாள். இது தொற்றாது என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அப்படியானால் என்ன நோய் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? மகனின் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னோம். மறுநாள் ஃபெக்டரியிலிருந்து வரும்போது கித்துள் கருப்பட்டி வாங்கி வந்தார். தூளில் வேலை செய்கிறவர்கள் கருப்பட்டி கடித்துப் பிளேன் டீ குடித்தால் தூசி இறங்கிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. தூசி போனது சாப்பாட்டுக் குழாயில் இல்லை என்று நான் அவருக்கு விளக்கினேன். தலையாட்டிக் கேட்டார். அதற்கடுத்த நாளும் வாங்கி வந்தார். இப்போதும் வாங்கி வருகிறார். மகன் அதை அவர் முன்னாலேயே கடித்துக் காட்டுகிறான்.

எனக்குச் செய்ய இருந்தது புகையை நிறுத்துவது ஒன்றுதான். விறகடுப்பை இடித்துவிட்டுக் கேஸ் அடுப்பு வைத்தோம். புகை நின்றது. அடுப்புக்கு மேலே காய்ந்த துணிகள் இப்போது காய்வதில்லை. சுவரில் பூஞ்சணம் பிடிக்கிறது. அதுவும் நெஞ்சுக்கு ஆகாது என்று வாசித்தேன். துணியால் துடைக்கிறேன், மறுபடி வருகிறது. அவன் போர்வையை நான் இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்க்கிறேன், ஈரமா, குளிரா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரிவதில்லை. அவன் தூங்கும்போது மூச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். அவன் கண்ணைத் திறக்காமலே, "இருக்கேன்மா, போய்ப் படுங்க" என்கிறான்.

பாடசாலையில் மழை வந்தால் பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடுகிறார்கள். முன்பெல்லாம் "நனையாத" என்று நான்தான் முதலில் கத்துவேன். இப்போது அந்தச் சொல் எனக்கு வருவதில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர் கத்துகிறார். பிள்ளைகள் உள்ளே வந்துவிடுகிறார்கள். அவர் செய்வது சரிதான். அந்தப் பிள்ளைகளுக்கு நனைந்தால் சளி பிடிக்கத்தான் செய்யும்.

மகனோடு சுரங்கத்துக்குப் போன மேல் டிவிசன் பையன் அந்த வேலை முடிந்ததும் வேறொரு சுரங்கத்துக்குப் போய்விட்டான். அதே மெஷின், அதே வேலை. கண்டியிலிருந்து வந்த பிறகு மகன் அவனுக்கு எத்தனையோ தரம் போன் எடுத்தான். உள்ளே இருக்கும்போது லைன் கிடைக்காது. கிடைத்தாலும் பாதியில் அறுந்துவிடும். எங்கள் வீட்டிலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல் அறாமல் நிற்கும். போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்தப் பையனே எடுத்தான். மகன் தொட்டிப் பக்கம் போய் நின்றான். நான் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் இரண்டு பேர் பேச்சும் கேட்டது.

மகன் எல்லாவற்றையும் சொன்னான். ஸ்கேன், தழும்பு, மருந்தில்லை என்பது. மருத்துவர் எனக்குச் சொன்னதைவிட எளிமையாகச் சொன்னான்.  

"இங்க தண்ணி ஐஸ் மாதிரி மச்சான்" என்றான் அந்தப் பையன்.

"இருக்கட்டும். மூடாத."

"நீ என்னா, கங்காணி ஆகிட்டியா?"

மகன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. போனைக் கையில் பிடித்தபடி தொட்டியில் சாய்ந்து, குனிந்து, நிற்காமல் இருமினான். நான் கீரையைப் போட்டுவிட்டு எழுந்தேன். அவன் கையைக் காட்டி என்னை வேண்டாம் என்றான். அது ஓயும்வரை அந்தப் பக்கத்துப் பையன் காத்துக்கொண்டிருந்தான். பிறகு, கேலியெல்லாம் போன குரலில் சொன்னான்.

"எனக்கும் கொஞ்ச நாளா இருமல்தான்டா. இங்க உள்ள குளிரு ஒத்துக்கல போலன்னு நெனச்சேன். அம்மா தைலம் அனுப்பியிருக்காங்க."

மேல் டிவிசனில் அவன் அம்மா இருக்கும் லயத்து வீட்டு வரிசை எங்கள் வாசலில் நின்றாலே தெரியும். அன்று மூடுபனியில் அது தெரியவில்லை.

அப்போதுதான் மழை தொடங்கியது. எங்கள் பக்கத்து மழை தூறி அறிவித்துவிட்டு வருவதில்லை, ஒரேயடியாக இறங்கும். மகன் நகரவில்லை. நகர்ந்தால் லைன் போய்விடும். உள்ளே வா என்று கூப்பிட வேண்டும். நனைந்து சளி பிடித்தால் அவனுக்கு இருக்கிற மூச்சும் போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கூப்பிட்டால் அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டியது பாதியில் நின்றுவிடும்.  குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவன் தலைக்கு மேலே குடையைப் பிடித்தேன். காற்றில் அது திரும்பப் பார்த்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். என் முதுகு நனைந்துகொண்டிருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"மச்சான், தண்ணியத் தெறந்து வுடு. நல்லா நனை. கேக்குதா? நல்லா நனை."

மழைச் சத்தத்தில் அந்தப் பக்கத்துப் பதில் எனக்குக் கேட்கவில்லை.